மலாயாத் தமிழரும் படித்ததைப் பகிர்ந்த மரபும்

இந்நாட்டுத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் எழுத்தாளர்களைப் பற்றி நிரம்ப எழுதியிருக்கிறார்கள். முதற் கவிதை நூல் எது, முதற் சிறுகதை எது, முதல் நாவலை எழுதியவர் யார் என்னும் வினாக்களுக்கு விடைகாண ஆய்வாளர்கள் பழைய ஏடுகளைப் புரட்டி அரும்பாடு பட்டிருக்கின்றனர். அப்பணி போற்றத்தக்கதே. ஆயினும் அவ்வரலாறுகளில் ஒருவனுக்கு மட்டும் இடம் கிடைக்காமற் போயிற்று. அவன் வாசகன். எழுதியவன் பெயர் நூலின் அட்டையில் நிற்கிறது. அந்நூலைக் கடன்வாங்கிப் படித்து, படித்ததை நான்கு பேருக்குச் சொல்லி, ஐந்தாவது ஆளிடம் நூலைச் சேர்ப்பித்தவன் பெயர் எங்கும் நிற்பதில்லை.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் படித்தவன் தனக்கென மட்டும் படித்ததில்லை. ஆண்டு முழுவதும் தான் படித்தவற்றைப் பிறருக்குப் படித்துக் காட்டினான், கதையாகச் சொன்னான், பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினான், சில வேளைகளில் அதன்பொருட்டு நண்பனோடு பேச்சை முறித்துக்கொள்ளவும் செய்தான். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, எவ்வாறு உருமாறியது, இந்நாட்டுத் தமிழுக்கு அது என்ன செய்தது என்பவற்றை ஒருவாறு தொகுத்துக் காண்பது தகும்.

சிங்கப்பூரில் அச்சான தமிழ் நூல்களுள் இன்று கிடைப்பனவற்றில் மிகப் பழையது, நாகூர் முகம்மது அப்துல் காதிர்ப் புலவர் இயற்றி 1872ஆம் ஆண்டில் வெளிவந்த ‘முனாஜாத்துத் திரட்டு’. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1887இல், யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் ‘சிங்கை நகர் அந்தாதி’ வந்தது. முன்னது இறைவனை நோக்கிய வேண்டுதற் பாடல்கள். பின்னது சிங்கை நகரில் கோயில்கொண்ட முருகன் மீது பாடப்பட்டது. இவ்விரு நூல்களும் ஒருவன் மூலையில் அமர்ந்து மௌனமாகப் படிப்பதற்கென எழுதப்பட்டவை அல்ல என்பது கருதத்தக்கது. கூட்டத்தின் நடுவே ஒருவர் ஓதப் பலர் கேட்பதற்கான நூல்கள் அவை. சமயம் வேறாயினும் ஓதுதலும் கேட்டலுமாகிய முறை ஒன்றே.

அதே 1887ஆம் ஆண்டு சூன் 27ஆம் நாள், திங்கட்கிழமை, விக்டோரியா மகாராணியாரின் பொன்விழாவையொட்டிச் ‘சிங்கை நேசன்’ என்னும் கிழமை இதழ் பிறந்தது. ‘சிங்கை வர்த்தமானி’, ‘தங்கை சிநேகன்’, ‘ஞானசூரியன்’ முதலியன அதற்கு முன்னரே தோன்றியவையாயினும் அவை இன்று பெயரளவில்தான் அறியப்படுகின்றன. சிங்கை நேசனின் ஏடுகளோ பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அதன் ஆசிரியர் சி. கு. மகுதூம் சாயபு 1888இல் அவ்விதழில் எழுதிய ‘விநோத சம்பாஷணை’யை இப்பகுதியின் முதற் சிறுகதையாகக் கொள்வாரும் உளர், கொள்ளாதாரும் உளர். அந்த வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். அதன் பெயரே ‘சம்பாஷணை’ என்றிருப்பதை யாரும் பெரிதாக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. செய்தியையும் கருத்தையும் உரையாடலாக்கித் தந்தால்தான் தம் மக்களிடம் செல்லும் என்று அவ்வாசிரியர் கருதினார் போலும். படித்ததைப் பேசித் தீர்க்கும் மக்களுக்குப் பேச்சாகவே எழுதித் தந்தது அவருடைய மதிநுட்பம்.

இனித் தோட்டப்புறத்துக்கு வரலாம். ரப்பர் மரங்களை நம்பிக் கடல் கடந்து வந்த தமிழருள் எழுத்தறிந்தோர் மிகச் சிலர். மலாய் நாட்டுக் கூட்டரசின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்கத் தோட்ட நிருவாகத்தைக் கடமைப்படுத்தியது. அப்பள்ளிகள் எத்தகையவை என்பதை விரித்தால் அது தனிக்கட்டுரையாகிவிடும். ஒரே கொட்டகையில் எல்லா வகுப்புகளும், எல்லா வகுப்புகளுக்கும் ஒரே ஆசிரியரும் இருந்த பள்ளிகள் பல. சில இடங்களில் காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் பதிந்த அதே கிராணியே பிற்பகலில் வாத்தியார். நான்கு வகுப்பு முடிந்ததும் பிள்ளை பால்வாளியைத் தூக்கிக்கொண்டு தாயின் பின்னே நிரைக்குப் போய்விடும்.

ஆயினும் அந்த நான்கு வகுப்பின் பயன் எளிதாக மதிக்கத்தக்கதன்று. லயத்து வீடுகளில் எழுத்தறிந்த பிள்ளை ஒன்று இருந்தால் போதும். அந்த வரிசை முழுவதற்கும் அது கண்ணாயிற்று. ஊரிலிருந்து வந்த கடிதத்தை அதுதான் படிக்க வேண்டும். படித்து முடித்ததும், ‘இன்னொரு தரம் படி’ என்பார்கள். முதல் முறை செய்திக்காக. இரண்டாம் முறை குரலுக்காக. அண்டை வீட்டார்க்கும் அக்கடிதத்தில் பங்குண்டு, ஏனெனில் ஒரே சிற்றூரிலிருந்து ஒரே கங்காணியின் பின்னே வந்த குடும்பங்கள் அவை. கடிதம் படித்துப் பழகிய அக்குரலே பின்னர்ச் செய்தித்தாளையும் கதைப் புத்தகத்தையும் படித்தது. இந்நாட்டுத் தமிழ் வாசகனின் முதல் வடிவம் பத்து வயதுப் பள்ளிப் பிள்ளைதான் என்றால் அது மிகையாகாது. திருவள்ளுவர் கல்லாமைக்கு அடுத்த அதிகாரமாகக் கேள்வியை வைத்தார். அந்த வைப்பு முறையின் பொருத்தத்தைத் தோட்டத்து லயங்கள் நன்கு விளக்கின.

படிப்புக்கும் ஓர் ஆண்டு இருந்தது. நாட்காட்டியைப் பார்க்காமலே, எந்த வீட்டு முற்றத்தில் எந்த நூல் ஒலிக்கிறது என்பதைக் கொண்டு மாதத்தைச் சொல்லிவிடலாம். மார்கழி விடியலில் திருப்பாவையும் திருவெம்பாவையும். ஆடியில் மாரியம்மன் தாலாட்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இராமாயணம். சிங்கப்பூர் சௌத் பிரிட்ஜ் சாலையிலுள்ள மாரியம்மன் கோயிலில் ஐப்பசியில் நடைபெறும் தீமிதிக்கு முந்திய வாரங்கள் பாரதக் கதைக்கு உரியவை. ஏனெனில் அவ்விழா திரௌபதியம்மனுக்குரியது. தமிழ் முஸ்லிம்கள் நபிகள் நாயகம் பிறந்த மாதத்தில் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைப் போற்றினர். தமிழ்க் கத்தோலிக்கரிடையே தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பது வழிவழி வந்த வழக்கம்.

சமயம் சாராத நாட்களும் வறிதே கழியவில்லை. சென்னையிலிருந்து வந்த ‘பெரிய எழுத்து’ நூல்கள் தோட்டக் கடைகளில் சீயக்காய்ப் பொட்டலங்களுக்குப் பக்கத்திலேயே தொங்கின. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, தேசிங்குராஜன் கதை, மதுரைவீரன் கதை, நல்லதங்காள் கதை ஆகியவற்றைக் கற்றறிந்தோர் மலிவான நூல்களென்று இகழ்ந்தனர். இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகத்தார் அச்சிட்ட அந்நூல்களின் எழுத்து ஏன் அவ்வளவு பெரிது என்பதற்கு லயத்தின் மண்ணெண்ணெய் விளக்கே விடையளிக்கும். இகழ்ந்த அறிஞர்கள் மின்விளக்கின்கீழ் இருந்தார்கள். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளும் இடம் வந்தால் படிப்பவன் நிறுத்திவிடுவான். பெண்கள் அழுது முடித்த பின்னரே மேலே தொடர்வான். கேட்டவர்கள் மறுநாள் நிரையில் பால் வெட்டும்போது அக்கதையைப் பக்கத்து நிரைக்குச் சொல்வார்கள். இவ்வாறு ஒரு நூல் ஒரே இரவிலும் ஒரே காலையிலும் ஒரு தோட்டத்தைச் சுற்றிவந்துவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளில் இவ்வழக்கத்தினுள் வேறொரு பொருள் நுழைந்தது. 1924ஆம் ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் ‘தமிழ் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1929 இறுதியில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து பல ஊர்களில் பேசினார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் அமைந்தது. அதன் தொடர்ச்சியாக 1935ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் ‘தமிழ் முரசு’ கிழமை இதழாக வெளிவந்து, கோ. சாரங்கபாணியின் உழைப்பால் சில ஆண்டுகளில் நாளிதழாக வளர்ந்தது.

புராணத்தைக் கேட்டவர்கள் மறுத்துப் பேசுவதில்லை. பத்திரிகையைக் கேட்டவர்கள் மறுத்துப் பேசினார்கள். பெருமாற்றம் இதில்தான் இருக்கிறது. முடிதிருத்தகத்தின் பலகையிலும் காப்பிக்கடை மேசையிலும் ஒருவர் உரக்கப் படிக்க, ஒருவர் ‘சரி’ என்றார், மற்றவர் ‘தப்பு’ என்றார். சாதி, கலப்பு மணம், கோயிலில் உயிர்ப்பலி, கள்ளுக்கடை, குழந்தை மணம் ஆகிய பொருள்களில் ஒரே தாளை வைத்துக்கொண்டு இரு கட்சிகள் எழுந்தன. ஒரு கட்சி பத்திரிகைக்குக் கடிதம் எழுதினால் மறு கட்சியும் எழுதும். எழுதத் தெரியாதவர் எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி எழுதுவிப்பார். வாசகர் கடிதம் என்னும் இலக்கிய வடிவம், அதனை இலக்கியம் என்று ஏற்போமாயின், இந்நாட்டில் இவ்வாறே வேர்விட்டது.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்ததும் அக்குரல்கள் அடங்கின. பழைய பத்திரிகைகள் நின்றன. ‘சுதந்திர இந்தியா’, ‘யுவபாரதம்’ போன்ற, இந்திய விடுதலை இயக்கத்தைச் சார்ந்த ஏடுகள் வந்தன. தோட்டங்களிலிருந்து ஆடவர் பெருந்தொகையாகச் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட காலத்தில் எவர் எதைப் படித்தார் என்று கேட்பது கொடுமை. புத்தகத் தாள் சுருட்டுக்கும் அடுப்புக்கும் உதவிய நாட்கள் அவை. போர் முடிந்து கப்பல்கள் மீண்டும் ஓடத் தொடங்கியதும், தமிழர் அரிசிக்கு அடுத்தபடியாக ஆவலோடு எதிர்பார்த்தவற்றுள் தமிழ்நாட்டு இதழ்களும் இருந்தன.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் பெயரை அறியாத பழந்தமிழர் இந்நாட்டில் இல்லை. ‘ஆனந்த விகட’னும் ‘கல்கி’யும் கப்பல் தபாலில் வாரக்கணக்கில் தாமதமாக வரும். 1950ஆம் ஆண்டு அக்டோபரில் கல்கி ‘பொன்னியின் செல்வன்’ எழுதத் தொடங்கினார். 1954 வரை அது தொடர்ந்தது. சென்னையில் ஒரு வாசகன் வந்தியத்தேவனோடு கோடிக்கரையை அடைந்திருந்தபொழுது மலாயா வாசகன் இன்னும் பழையாறையிலேயே நின்றிருப்பான். இடையில் ஊருக்குப் போய்த் திரும்பியவர் எவரேனும் மேலும் பல இதழ்களைப் படித்துவிட்டு வந்தால், அவருக்கு அக்காலத்தில் கிடைத்த மரியாதை சொல்லத் தரமன்று. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, தடித்த நூலால் தைத்து, அட்டையிட்டு வைத்த தொகுதிகள் வீட்டுக்கு வீடு சென்றன. நடுவே ஓர் இதழ் விடுபட்டிருந்தால், அந்த இடத்தின் கதையை முன்னர்ப் படித்தவர் வாயாற் சொல்லி நிரப்புவார். அச்சில் இல்லாத அந்த அத்தியாயம் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வகையாக இருந்திருக்கும்!

இத்தகைய வாசகர் கூட்டம் உருவாகி நின்ற வேளையில்தான், 1950இல், தமிழ் நேசன் ஞாயிறு பதிப்பில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தத் தொடங்கினார்கள். கதை எழுதுவது எப்படி என்பதைப் பத்திரிகை வழியாகப் பாடம் நடத்திக் கற்பிப்பது அதன் நோக்கம். மா. இராமையா, மா. செ. மாயதேவன் முதலிய எழுத்தாளர்கள் உருவான காலம் அது. அவ்விருவரும் இணைந்து 1953இல் ‘இரத்த தானம்’ என்னும் சிறுகதைத் தொகுதியை வெளியிட்டனர். பின்னாளில் 1978இல் ‘மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறு’ எழுதியவரும் மா. இராமையாவே.

கதை வகுப்பின் பெருமையைக் கூறுவோர் அதில் உருவான எழுத்தாளர்களை எண்ணிக் காட்டுவது வழக்கம். அந்த எண்ணிக்கை சிறிதே. மலாயா முழுவதும் ஞாயிற்றுக்கிழமை அப்பாடத்தைப் படித்து, ‘கதையில் இது பாத்திரம், இது நிகழ்ச்சி, இது உச்சம், இது தேவையற்ற வருணனை’ என்று முதன்முறையாகப் பெயரிட்டு அறிந்துகொண்டவர்கள் எத்தனை பேர்? அவர்களுள் மிகப்பலர் ஒரு கதையும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அச்சேறவில்லை. ஆனால் அடுத்த வாரம் அச்சில் வந்த கதையைக் குறை காணும் தகுதி அவர்களுக்கு வந்துவிட்டது. வகுப்பு நடத்தியோர் வைத்த பொறி எழுத்தாளனுக்கு. அதில் பெருமளவு சிக்கியவன் வாசகன். இதனை அவர்களே உணர்ந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று, கதை வகுப்பைத் தொடர்ந்து சில ஆண்டுகளில் சுப. நாராயணன் தமிழ் முரசில் ‘ரசனை வகுப்பு’ நடத்தியதாகும். எழுதக் கற்பித்தவர், சுவைக்கவும் கற்பிக்க வேண்டும் எனக் கண்டார். சுவைக்கக் கற்பித்தலே கடினமான பணி என்பதை வகுப்பறையில் நின்றவர் எவரும் மறுக்கமாட்டார். கட்டுரை எழுதச் சொன்னால் மாணவன் எழுதிவிடுவான். ‘இப்பாட்டு உனக்கு ஏன் பிடித்தது?’ என்று கேட்டால் தலை குனிவான்.

அந்த வாசகர்கள் தலை குனியவில்லை என்பதை 1951, 1952ஆம் ஆண்டுகளில் நடந்த ஒரு பெரும் சர்ச்சை காட்டிற்று. 1948இல் மறைந்த புதுமைப்பித்தன், தமிழ்ச் சிறுகதையில் எவ்விடத்தில் வைக்கத்தக்கவர், அவரை மேதை என்று கொள்ளலாமா என்பது வழக்கு. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர், தாம் நேரிற் கண்டிராத ஓர் எழுத்தாளரின் பொருட்டு இந்நாட்டுப் பத்திரிகையின் பக்கங்களில் அணி பிரிந்து மோதினர். அக்கட்டுரைகளையும் கடிதங்களையும் பிற்காலத்தில் ஆய்வாளர் பாலபாஸ்கரன் தேடித் தொகுத்து நூலாக்கினார். அந்த உழைப்பு இல்லையேல் இத்தகைய ஒரு சண்டை நடந்தது என்பதே இளந்தலைமுறைக்குத் தெரியாது போயிருக்கும்.

அச்சர்ச்சையில் வெப்பம் இருந்தது. தனிமனிதத் தாக்குதலும் ஓரளவு இல்லாமலில்லை. சண்டையிட்டு என்ன கண்டார்கள் என்று கேட்பார் இருக்கலாம். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிச் சீமையின் சிற்றூரிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாகச் சென்றவர்களின் கதை அது. தோட்டத்தைக் கண்ணால் காணாத சென்னை வாசகனுக்கு அது ஒரு கற்பனை உலகம். ரப்பர்த் தோட்டத்து வாசகனுக்கோ கங்காணி, லயம், துரை, நோய், நடத்தை கெட்டவள் என்று ஏச்சு வாங்கும் ஏழைப்பெண் ஆகிய அனைத்தும் கதவுக்கு வெளியே நிற்கும் மெய்ம்மைகள். அக்கதையின் எந்த வரி உண்மை, எந்த வரி மிகை என்று தீர்ப்புக் கூறும் உரிமை அவனுக்கு எந்தத் திறனாய்வாளனையும் விட மிகுதி. தாய்நாட்டு இலக்கியத்தை வாயடைத்து வணங்கிக்கொண்டிருந்த கடல் கடந்த தமிழன், அதனை மதிப்பிடவும் தனக்குத் தகுதியுண்டு என்று எழுந்தது அந்த ஆண்டுகளில்தான். யார் வென்றார் என்பது இரண்டாவது செய்தி.

1950களில் கு. அழகிரிசாமி தமிழ் நேசனில் பணியாற்றக் கோலாலம்பூர் வந்தார். அவரைச் சுற்றி அமைந்த இலக்கிய வட்டத்தில் அன்பர்கள் கூடிப் படைப்புகளைப் படித்து விவாதித்தனர். பத்திரிகையில் பெயர் மறைத்துத் தாக்குவது எளிது; எதிரே அமர்ந்திருப்பவரின் கதையை அவர் முகம் பார்த்துக் குறை கூறுவது அரிது. இந்த இரண்டாவது பழக்கத்தை அவ்வட்டம் வளர்த்தது. 1957இல் அவர் தாயகம் திரும்பினார். சிங்கப்பூரில் தமிழ் முரசு, மாணவர்க்கென ‘மாணவர் மணிமன்ற மலர்’ என்னும் பகுதியைத் தொடங்கி, வை. திருநாவுக்கரசு முதலியோரின் பொறுப்பில் வளர்த்தது. அதில் எழுதிப் பழகிய மாணவர் பலர் பின்னர் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் விளங்கினர். மணிமன்றங்கள் ஊர்தோறும் எழுந்தன. அவற்றில் பேச்சுப் போட்டி இருந்தது போலவே சிறு நூலகமும் இருந்தது. அந்த நூலகம் பெரும்பாலும் ஒரு மர அலமாரிதான். திறவுகோலைத் தேடுவதற்குள் படிக்கும் ஆவலே தீர்ந்துவிடும் அலமாரிகளும் உண்டு.

இவை யாவற்றினும் வியப்புக்குரிய நிகழ்ச்சி ஒன்று இனிமேல்தான் வருகிறது. அக்காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கு இந்திய இயல் துறை அமைப்பது பற்றிய பேச்சு எழுந்தபொழுது, அத்துறையில் முதன்மை வடமொழிக்கா, தமிழுக்கா என்னும் வழக்கும் உடன் எழுந்தது. தமிழுக்கே தர வேண்டும் என்று சாரங்கபாணி தமிழ் முரசில் வலிந்து எழுதினார். கோரிக்கையோடு நின்றுவிடாமல், அத்துறைக்கு வேண்டிய தமிழ் நூல்களை வாங்கத் தமிழ் மக்களே பணம் தருவார்கள் என்று 1955இல் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்கப்பட்டது.

நாட்கூலியில் குடும்பம் நடத்தியவருக்கு ஒரு வெள்ளி சிறுதொகை அன்று. துறைமுகத் தொழிலாளி தந்தார்; நகரசபைத் துப்புரவுத் தொழிலாளி தந்தார்; தோட்டத்துப் பால்வெட்டுப் பெண்கள் தந்தனர்; சிறுகடைக்காரர் தந்தார். இவர்களுள் பலர் தாம் கொடுத்த பணத்தில் வாங்கப்படும் நூலின் பெயரைக்கூடப் படிக்க இயலாதவர்கள். தம் பிள்ளை பல்கலைக்கழகப் படி ஏறுவான் என்ற உறுதியும் அவர்களிடம் இருந்திருக்க முடியாது. எனினும் தந்தார்கள். இதனைத் தமிழுணர்ச்சி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது மேடைப் பேச்சுக்குப் பொருந்தும், வரலாற்றுக்குப் போதாது. புத்தகம் என்பது ஒருவன் படிக்கப் பலர் கேட்பது என்று முப்பது நாற்பது ஆண்டுகளாக லயத்து முற்றத்தில் அறிந்தவர்கள் அவர்கள். படிப்பவன் தானாகவே இருக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. எங்கோ ஒருவன் படித்தால் அது எப்படியும் தம் செவிக்கு வந்து சேரும் என்று நம்பிய மக்கள், அந்த நம்பிக்கைக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள்.

இந்திய இயல் துறை 1956இல் தொடங்கியது. பின்னர் அது கோலாலம்பூருக்கு மாறியது. தமிழ் நூல்களும் அங்கே சென்றன. தனிநாயக அடிகள் அத்துறைக்குத் தலைமை ஏற்ற காலத்தில், 1966 ஏப்ரலில், முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடிற்று.

சிங்கப்பூரிலும் பொது நூலகத்தின் வரலாற்றில் இதனை ஒத்த ஒரு செய்தி உண்டு. கொடைவள்ளல் லீ கொங் சியன் மூன்று இலட்சத்து எழுபத்தையாயிரம் வெள்ளி தர முன்வந்தபொழுது, நூலகம் எல்லார்க்கும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும், இந்நாட்டு மக்களின் மொழிகளிலும் நூல்கள் வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். 1960 நவம்பர் 12ஆம் நாள் ஸ்டாம்ஃபர்டு சாலையில் அந்நூலகம் திறக்கப்பட்டது. சீனப் பெருமகன் ஒருவரின் நிபந்தனையால் தமிழ் நூல்கள் பொது நூலகத்தின் தட்டில் உரிமையோடு ஏறின என்பதைத் தமிழர் நன்றியுடன் எண்ண வேண்டும். அக்கட்டடம் 2004இல் மூடப்பட்டுப் பின் இடிக்கப்பட்டது. 1976இல் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் அமைந்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் தோன்றிய வாசகர் வட்டம் ஆங் மோ கியோ நூலகத்தில் கூடி, உறுப்பினர் தாம் படித்த நூல்களைப் பற்றி உரையாட வழி செய்தது. 2005இல் தேசிய நூலக வாரியம் தொடங்கிய ‘ரீட் சிங்கப்பூர்’ இயக்கம் நான்கு மொழிகளிலும் நூல்களைத் தேர்ந்து, மக்களைக் கூட்டாகப் படித்துப் பேச அழைத்தது. அரசு அழைத்துச் செய்விக்கும் அக்காரியத்தை ஒரு காலத்தில் முடிதிருத்தகத்துப் பலகை அழைப்பின்றியே செய்தது என்று முதியோர் முணுமுணுப்பதுண்டு. அம்முணுமுணுப்பில் நியாயம் பாதிதான். பலகையில் இடம் பிடித்தவர் அனைவரும் ஆடவர். நூலக வட்டங்களில் பெண்கள் அமர்ந்து பேசுகிறார்கள்.

தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அது சுமந்த வாசகர் கடிதங்களைத் தொகுத்துப் பார்க்கும் வேலை மலேசியாவில் எவரோ ஒருவருக்காகக் காத்துக் கிடக்கிறது. சிங்கப்பூரில் நிலைமை சற்று மேல். சிங்கை நேசனையும் பழைய தமிழ் முரசையும் தேசிய நூலக வாரியம் மின்பதிவாக்கி, எவரும் வீட்டிலிருந்தே காணும்படி வைத்துள்ளது. தலையங்கத்தையும் தலைவர்களின் படங்களையும் தேடிச் செல்வோர் சற்றுப் பக்கம் திருப்பினால், சிறிய எழுத்தில் நெருக்கமாக அச்சிட்ட கடிதங்களைக் காணலாம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெயர். பெயருக்குக் கீழே ஓர் ஊர். அத்தகைய ஊர்களுள் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, மரங்கள் வெட்டப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன.